வெட்டாத பக்கங்கள்

பாரிசில் ஒருவன் எவ்வளவு படித்தவன் என்று தெரிந்துகொள்ள அவனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. அவன் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி விளிம்பைப் பார்த்தால் போதும். எங்கள் புத்தகங்கள் மடித்த தாள்களாகவே அச்சகத்தை விட்டு வெளியே வரும். தைத்து அட்டை ஒட்டுவதோடு அச்சகத்தார் பொறுப்பு முடிந்தது. மடிப்பை வெட்டித் திறப்பது வாங்கியவன் பாடு. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கத்தி என்று, வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் அலுத்துப் போனால் அதற்கு மேல் உள்ள மடிப்புகள் மூடியபடியே கிடக்கும். விருந்துக்கு வருகிறவர்கள் மேல்கோட்டைக் கழற்றும் சாக்கில் அலமாரிப் பக்கம் ஒதுங்கி, விளிம்பை ஒரு நோட்டம் விட்டு, வீட்டுக்காரனை எடை போட்டுவிடுவார்கள்.

அதனால் விவரமானவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, படிக்காத புத்தகங்களையெல்லாம் கடைசிவரை வெட்டி வைத்துவிடுவார்கள். ஒக்தாவ் பிரிசார் அதை மட்டும் செய்யமாட்டான். படிக்காத பக்கத்தை வெட்டுவது திருட்டுக்குச் சமம் என்பது அவன் கட்சி. ஊரை ஏமாற்றுவான், கத்தியை ஏமாற்றமாட்டான். அவனிடம் இருந்த ஒரே நேர்மை அதுதான். கடைசியில் அந்த நேர்மைதான் அவனைக் கவிழ்த்தது.

ஓசேர் என்ற ஊரில், மதுப்பீப்பாய் செய்கிறவர் வீட்டில் பிறந்தவன். உதவித்தொகையில் பாரிசுக்கு வந்து தத்துவம் படித்தான். ஆசிரியர் தேர்வில் எழுத்துப் பகுதியைத் தாண்டிவிட்டான். வாய்மொழித் தேர்வில், தான் கண்ணாலும் பார்க்காத ஒரு ஜெர்மன் கட்டுரையைப் பற்றிக் கால் மணி நேரம் வெளுத்து வாங்கினான். தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அருமை. இது எந்த அத்தியாயத்துல வருது?" என்றார். "மூணாவதுல" என்றான் ஒக்தாவ். "அதுல அத்தியாயமே கிடையாதே, தம்பி" என்றார் அவர். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு பல வருஷம் அவன் காதை விட்டுப் போகவில்லை. வேறொருவனாக இருந்தால் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் கற்றிருப்பான். ஒக்தாவ் கற்றது, அத்தியாய எண் சொல்லக் கூடாது என்பதை.

வாத்தியார் ஆகும் வாய்ப்பு போனது. ஒரு பெரிய அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. காலையிலிருந்து மாலைவரை எழுத்து, புள்ளி, கமா. நாளெல்லாம் அடுப்படியில் நிற்பவனுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டுமே, அப்படி ஆனது அவன் கதை. மாலையில் அறைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் கண் தானாக எழுத்துப்பிழை தேடும். பிழை இல்லையென்றால் தூக்கம் வரும். ஆனால் படித்தவன் என்ற பெயர் மட்டும் வேண்டும். அது இல்லாமல் பாரிசில் எதற்கு இருப்பது, ஓசேரிலேயே பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருக்கலாமே!

முப்பத்தாறாம் வருஷம் திங்கட்கிழமை வகுப்புகள் தொடங்கின. நூறு வருஷத்துக்கு முன் பெர்லினில் செத்துப்போன ஒரு ஜெர்மன் தத்துவப் பேராசிரியரை எங்கள் எழுத்தாளர்கள் அதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வேலைநிறுத்தம், ஊர்வலம், எல்லைக்கு அப்பால் பூட்ஸ் சத்தம் என்று காலம் தலைகீழான பிறகு, எல்லாப் பூட்டுக்கும் அவரிடம்தான் சாவி இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவருடைய பெரிய நூல் அப்போது பிரெஞ்சில் வந்திருக்கவில்லை. ஒல்லியான ஒரு பெல்ஜியம்காரர், புகை கக்கும் ஓர் அறையில், ஜெர்மன் மூலத்தை வரி வரியாக வாசித்து விளக்கம் சொன்னார். கவிஞர்களும் நாவல்காரர்களும் ஓவியர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பேராசிரியரை அவர்கள் 'பெர்லின் கிழவர்' என்றே சொல்வார்கள், ஏதோ மாடிவீட்டில் குடியிருப்பவரைச் சொல்வது போல. மாலை ஐந்து மணிக்கு அச்சகத்திலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்காரும் ஒக்தாவ், ஐந்தே காலுக்குத் தூங்கிவிடுவான்.

அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் ரொசீன் வெய்லர். பிரான்ஸ் எல்லையோரக் கோல்மாரில் பிறந்தவள், பெண்கள் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவள். அவள் அப்பா எமில் வெய்லர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர். ரொசீன் ஊதா மையில் குறிப்பெடுப்பாள். வகுப்பு முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டை ஒக்தாவிடம் நீட்டுவாள். அவன் வறுத்த செஸ்ட்நட் கொட்டை ஒரு பொட்டலம் வாங்கித் தருவான். இருவரும் ஆற்றங்கரையோரம் நடப்பார்கள். பாடம் அங்கேதான் நடந்தது.

"ரெண்டு பேர் எதிரும் புதிருமா நிக்கிறாங்க" என்பாள். "ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான். 'நீயும் ஒரு ஆளு'ன்னு மத்தவன் ஒத்துக்கணும். அதுக்காக உசுரையும் விடத் தயார்னு ஒருத்தன் நிக்கிறான். இன்னொருத்தன் சாவுக்குப் பயந்து இறங்கிடறான். நின்னவன் எசமான், இறங்கினவன் வேலைக்காரன்."

"எங்க அச்சக முதலாளி மாதிரின்னு சொல்லுங்க."

"இருங்க, கதை முடியல. எசமான் உக்காந்து தின்னு தின்னு மழுங்கிப் போறான். வேலைக்காரன் பாடுபட்டு உலகத்தைக் கத்துக்கறான். கடைசில பயந்தவன்தான் ஆளாகிறான்."

"அப்ப பயந்தா தப்பில்லைங்கறீங்க."

"பயந்தா தப்பே இல்ல. அதுலேருந்துதான் எல்லாமே ஆரம்பிக்குது" என்று சொல்லிச் செஸ்ட்நட் தோலை அவன் கையிலேயே போடுவாள்.

ஒக்தாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. தத்துவத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு இதற்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமைதோறும் ஒரு காபிக்கடையில் சிற்றிதழ்க் கூட்டம் கூடும். ஆசிரியர் திபோ லார்ஷே, பெரிய தாடி, அதைவிடப் பெரிய குரல். ரொசீன் சொன்னதை ஒக்தாவ் அங்கே போய் ஒப்பிப்பான். அதோடு தன் கைச்சரக்காக, "ஜெர்மன்ல அது இன்னும் உக்கிரமா இருக்கு" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்வான். அவனுக்குத் தெரிந்த ஜெர்மனில் ரயில் சீட்டுக்கூட வாங்க முடியாது. லார்ஷே மேசையைத் தட்டுவான். "கிழவரோட பானை பெரிய பானை, பிரிசார். சண்டை, சாவு, கண்ணீர், புரட்சி, எல்லாத்தையும் உள்ள போட்டு வேகவச்சுக் கடைசில 'பாரு, எல்லாம் ஒண்ணாயிடுச்சு'ன்னு மூடியைத் திறக்கிறார். எலும்பு வேகுமாய்யா? வேகாத எலும்பு ஒண்ணு பானையடியில கெடக்குதே, அதுக்கு என்ன பதில்? நாம எழுதறதெல்லாம் அந்த எலும்புதான்!" பிறகு எல்லோரும் ஒக்தாவ் பக்கம் திரும்புவார்கள், அவன்தானே படித்தவன். அவன் புகையை ஊதிவிட்டு, "கிழவருக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கு" என்பான். இருந்ததா இல்லையா என்பது அவனுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

போர் வந்தது. ஜெர்மன்காரன் பாரிசுக்குள் நுழைந்தான். அதே சமயம் பெர்லின் கிழவரின் நூலும் பிரெஞ்சில் வெளிவந்தது. என்ன பொருத்தமோ! மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்றுகொண்டும், பார்லியை வறுத்துக் காபி என்று குடித்துக்கொண்டும் கூட எங்கள் ஆட்கள் அதை வாங்கினார்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஜூலை முதல் வாரம், சனிக்கிழமை, ரொசீன் ஆறு மாடி ஏறி வந்து ஒக்தாவின் கதவைத் தட்டினாள். மேற்சட்டையில், யூதர்கள் எல்லோரும் அணிந்தாக வேண்டிய மஞ்சள் நட்சத்திரம் தைத்திருந்தது. ஒக்தாவுக்குக் கூரையடியில் இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் அவன் இருந்தான், மற்றதில் பழைய தாள்கட்டுகள் இருந்தன. அவள் உள்ளே வரவில்லை. கட்டடக் காவல்காரி மதாம் பூழே துடைப்பத்தோடு கீழ்ப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான்" என்று புத்தகத்தை நீட்டினாள் ரொசீன். புத்தம் புதிது, ஒரு மடிப்பும் வெட்டவில்லை. "எசமான், வேலைக்காரன் பகுதியைப் படிங்க. வேற எது படிக்காட்டியும் அதை. வியாழக்கிழமை வரேன்."

"ராத்திரியே உக்காந்துடறேன்" என்றான் ஒக்தாவ்.

உட்கார்ந்தான் என்பது உண்மை. முன்னுரையில் தொடங்கி, ஒழுங்காக வெட்டிக்கொண்டே போனான். திங்கட்கிழமை நாற்பத்தெட்டாம் பக்கத்தில் கத்தி நின்றுவிட்டது. அவள் சொன்ன பகுதி இருக்கும் நூற்று அறுபதுக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் நடுவில் தாண்டி வெட்டுவது அவன் சட்டத்தில் இல்லை. செவ்வாயும் புதனும் அச்சகத்தில் வேலை நெரித்தது.

வியாழக்கிழமை காலையிலேயே அவள் வந்துவிட்டாள். மதாம் பூழே அதே படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்." கையை ஒரு வீசு வீசினான், மேசையில் விழுந்த துகளைத் தட்டிவிடுவது போல.

"நான் சொன்ன இடம்வரைக்கும்?"

"அதுக்கு மேலயும் படிச்சாச்சு."

ரொசீன் கீழ்ப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "எங்கிட்ட ஒண்ணும் சொல்றதுக்கில்லையா, பிரிசார்?" என்றாள்.

சோதிக்கிறாள் என்று ஒக்தாவ் நினைத்தான். வாய்மொழித் தேர்வின் சிரிப்பு காதில் கேட்டது. அத்தியாயம், பக்கம் எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். "மொழிபெயர்ப்பு அபாரம்" என்றான். "ஆனா உங்க குறிப்பு இதைவிடத் தெளிவு. அந்த ஊதா மையில படிச்சதுக்கப்புறம் இது கொஞ்சம் சப்புனுதான் இருக்கு." முகஸ்துதி நன்றாக வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். "படிச்சதுக்கு நன்றி." படியிறங்கிப் போகும்போது மதாம் பூழேவுக்கு வணக்கம் சொன்னது மேலே கேட்டது. ஒக்தாவ் கதவைச் சாத்திவிட்டு, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை விடியற்காலையில் யூதர்களைத் தேடிப் போலீஸ் வீடு வீடாக ஏறியது. எமில் வெய்லரை நகரப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பட்டியல் வெளிநாட்டில் பிறந்த யூதர்களுடையது, கோல்மாரில் பிறந்த ரொசீனின் பெயர் அதில் இல்லை. அவள் தெற்கே ஒரு மலைக்கிராமத்துக்குப் போய், பெயரை மாற்றிக்கொண்டு, ஆடு வளர்ப்பவர்களின் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள்.

நாற்பத்தைந்தில் அவள் திரும்பி வந்தபோது ஒக்தாவ் அவளைப் பள்ளிக்கூட வாசலில் போய்ப் பார்த்தான். மனதார வருத்தப்பட்டுத்தான் போனான். "உங்க அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ரொசீன். எனக்கு அந்த ரெண்டாவது அறை சும்மாத்தானே கெடந்துச்சு" என்றான்.

ரொசீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாற்போலிருந்தது. "ஆமா, சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு வழியில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒக்தாவின் கட்டுரை சிற்றிதழில் வந்தது. 'வேகாத எலும்பு' என்று தலைப்பு. லார்ஷேயின் உவமையும் ரொசீனின் குறிப்பேடும் இல்லையென்றால் அதில் மிஞ்சுவது கமாக்கள்தான். ஆனாலும் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். உலகத்தின் எல்லா முரண்பாடும் கடைசியில் ஒன்றில் அடங்கிவிடும் என்று பெர்லின் கிழவர் சொன்னால், அடங்க மறுத்து ஓரத்தில் அழுதுகொண்டிருப்பவனின் பக்கம்தான் இலக்கியம் நிற்கும் என்பது கட்டுரையின் சாரம். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதைப் படித்து ஒக்தாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரு வரியை எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள்: "இந்த நூலைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழுகிறவனுக்கு இதில் இடமில்லை." கடைசிப் பக்கம்வரை! அந்தப் புத்தகம் அவன் அலமாரியில் மேல்தட்டில், சுவரோடு ஒட்டி, நாற்பத்தெட்டுக்கு மேல் மூடியபடி நின்றது.

அதன் பிறகும் ரொசீன் முகம் கொடுத்துப் பேசாததற்கு அந்தக் கட்டுரைதான் காரணம் என்று ஒக்தாவ் முடிவு கட்டிக்கொண்டான். குறிப்பேட்டைக் களவாடிவிட்டோம் என்று அவனுக்கு ஒரு கூச்சம் இருந்தது. அது சின்னக் கூச்சம், செருப்பில் சிக்கிய கல் மாதிரி. அதோடு நடக்கப் பழகிக்கொண்டான்.

நாற்பத்தொன்பதில் லார்ஷே அதைச் சிறு நூலாகப் போட முன்வந்தான். "பக்க எண்ணெல்லாம் அடிக்குறிப்பா போட்டுக் குடுத்துடு, பிரிசார். இப்பல்லாம் சின்னப் பசங்க பக்கம் கேக்கறானுங்க" என்றான். இருபது வருஷமாக ஒக்தாவ் ஓடி ஒளிந்த இடத்துக்கே பிடித்துக்கொண்டு வந்து விட்டாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கதவைத் தாழிட்டு, ரொட்டிக் கத்தியைத் துடைத்துக்கொண்டு அவன் அந்தப் புத்தகத்தை இறக்கினான்.

அன்றைக்கு அதிசயமாகப் படிப்பு ஓடியது. கிழவரின் வாக்கியங்கள் முட்புதர்தான், ஆனாலும் உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. இதையா விட்டுவிட்டோம் என்று நினைத்தான். மத்தியானச் சாப்பாட்டை மறந்தான். எசமானும் வேலைக்காரனும் எதிரெதிரே வந்து நிற்கும் இடத்தில், நூற்று அறுபத்திரண்டாம் பக்கத்து மடிப்பை வெட்டினான். மடித்த ஒரு மெல்லிய தாள் மடியில் விழுந்தது. மேற்புறமும் பக்கவாட்டிலும் மூடிய மடிப்பு ஒரு பை மாதிரிதானே. கீழ் வழியாக யாரோ நுழைத்திருந்தார்கள். ஊதா மை.

"பிரிசார், அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ வீடு வீடாக வருவார்கள் என்று ஒரு போலீஸ்காரரின் மனைவி சொன்னாள். ஆண்களைத்தான் கொண்டுபோவார்களாம். அப்பாவின் தாள்களில் ஜெர்மன் ஊர் பெயர் இருக்கிறது. உங்கள் இரண்டாவது அறையில் அவர் பத்து நாள் இருக்கலாமா? சத்தமே வராது. கோடையில் இருமலும் குறைவு. இதைப் படியில் நின்று கேட்க முடியாது, காவல்காரி இருக்கிறாள். அதைவிட முக்கியம், உங்கள் முகத்துக்கு நேரே கேட்டு, முடியாது என்று சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. பயப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. முடியும் என்றால் சாவியைக் கொடுங்கள். முடியாதென்றால் இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். எப்போதும் போலப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். நான் புரிந்துகொள்வேன். ரொ."

முதல் தடவை வாசித்தபோது அவன் கண், பழக்கதோஷத்தில், ஒரு கமா விடுபட்டிருப்பதைத்தான் கண்டது. இதைச் சொல்ல எனக்கே நாக் கூசுகிறது. இரண்டாம் தடவைதான் பொருள் புரிந்தது. மூன்றாம் தடவை வாசிக்க முடியவில்லை. 'படிச்சேன்' என்று சொன்னது, கையை வீசியது, மொழிபெயர்ப்பு அபாரம் என்றது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஊரில் மற்ற மோசடிக்காரர்கள் மாதிரி அன்றைக்கே பந்தாவுக்கு எல்லாப் பக்கத்தையும் வெட்டித் தள்ளியிருந்தால், கடிதம் அந்தச் சனிக்கிழமையே விழுந்திருக்கும். முழுப் பொய்யனாகவாவது இருந்திருக்கலாம்.

நான்கு நாள் அச்சகத்துக்குப் போகவில்லை. ஏழு வருஷமாக ரொசீன் அவனைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பழியைத் துடைக்க ஒரே வழிதான் இருந்தது: நான் படிக்கவில்லை என்று அவளிடம் சொல்வது. அதைச் சொன்னால் கட்டுரையும், கடைசிப் பக்கமும், ஆற்றங்கரையில் ஆட்டிய தலையாட்டல்களும், எல்லாம் சேர்ந்து பொய்யாகும். கோழை என்ற பெயரா, புளுகன் என்ற பெயரா? வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டும் வெளியே வராது. அதுவும் தோன்றத்தான் செய்தது. மூன்று தடவை கடிதத்தை அடுப்புவரை கொண்டுபோய்த் திரும்பினான்.

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. ரொசீன் வீட்டில் இருப்பாள். கொபெலன் பக்கம் மூன்றாவது மாடி. சாப்பாட்டு மேசையில் மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சுவரோரம் அப்பாவின் பியானோ, மேல் முழுக்கப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. ஒக்தாவ் நின்றபடியே கடிதத்தை மேசையில் வைத்தான்.

அவள் அதைப் பார்த்தாள், கை வைக்கவில்லை. "இதை எதுக்கு இப்பக் கொண்டாந்தீங்க? நான் கேட்டனா?"

"நான் பயந்து பேசாம இருக்கல, ரொசீன்" என்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம், பாதியில் உடைந்தது. "எனக்கு... இது ஞாயித்துக்கிழமைதான் கெடச்சுது. மடிப்பு வெட்டல. நான் படிக்கல."

"படிச்சேன்னு சொன்னீங்களே."

"பொய்."

"அதுக்கு மேலயும் படிச்சாச்சுன்னீங்க."

"அதுவும் பொய்."

"எதுவரைக்கும் படிச்சிருந்தீங்க?"

"நாப்பத்தெட்டு."

ரொசீன் பேனாவை மூடினாள். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை, எங்கோ தொலைத்ததைத் தேடுகிறவள் மாதிரி பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷமா உங்களை மன்னிச்சிட்டிருந்தேன், தெரியுமா?" என்றாள். "கஷ்டப்பட்டுத்தான் மன்னிச்சேன். அப்பாதான் முதல்ல சொன்னார். பஸ்ல ஏறும்போது, 'அந்தப் பிரிசார் தம்பி மேல கோவப்படாதே, பாவம், பயம் யாருக்கும் வரும்'னு சொல்லிட்டு ஏறினார். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நானும் மன்னிச்சேன். பயந்தவனை மன்னிக்க எனக்குத் தெரியும். இதை என்ன செய்யறதுன்னு தெரியலையே."

ஒக்தாவ், உட்காரச் சொல்வாளா என்று பார்த்தான். சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அன்னிக்கே பாத்திருந்தா, சாவியைக் குடுத்திருப்பீங்களா?"

"கண்டிப்பா குடுத்திருப்பேன்!" என்றான் ஒக்தாவ். யோசிக்கவே இல்லை. கை தானாக மேலே போய் ஒரு வீசு வீசியது, துகளைத் தட்டிவிடுவது போல.

ரொசீன் அந்தக் கையைப் பார்த்தாள். கை அந்தரத்திலேயே நின்றது.

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள். கடிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். "இது உங்களுக்கு எழுதினது. நீங்களே வச்சுக்குங்க." பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து சிவப்பு மையில் திருத்தத் தொடங்கினாள்.

அங்கிருந்து அவன் நேராகக் காபிக்கடைக்குப் போனான். கூட்டம் நிறைந்திருந்தது. எல்லோர் முன்னிலும், நூலைப் போட வேண்டாம், பெர்லின் கிழவரை நான் படித்ததே இல்லை என்று சொன்னான். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தான். துப்பினால் தேவலை என்றிருந்தது.

லார்ஷே தாடி குலுங்கச் சிரித்தான். "அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? இங்க யாருய்யா முழுசா படிச்சா? நான் முன்னுரையோட நின்னுட்டேன். இவன் அதுவும் இல்ல!" மேசையே சிரித்தது. ஒருத்தன் ஒக்தாவின் முதுகில் தட்டி ஒரு கிண்ணம் மதுவை நகர்த்தினான். ஒக்தாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டான். சட்டைப் பையில் கடிதம் இருந்தது. அதைப் பற்றி மட்டும் அங்கே மூச்சு விடவில்லை.

நூல் வரவில்லை. அதற்குப் பிறகு ஒக்தாவ் எதுவும் எழுதவில்லை. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, ஒரு மடிப்பையும் தாண்டாமல், அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வெட்டிப் படித்து முடித்தான். அழுகிறவனுக்கு அதில் இடம் இருந்ததா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ரொசீனைத் தெருவில் பார்த்தால் அவன்தான் எதிர்ப்பக்கம் மாறிப் போனான்.

இரண்டாவது அறையைக் காலி செய்து ஒரு கட்டிலும் நாற்காலியும் போட்டான். யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாசலில் நின்று, "குடுத்திருப்பேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பான். மெதுவாகச் சொல்வான், அழுத்திச் சொல்வான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வான். எப்படிச் சொன்னாலும், 'படிச்சேன்' என்று சொன்ன அதே குரல்தான் வந்தது.